வீட்டுக் கணினியும் தொலைக்காட்சித் திரையும்: ஓர் இணைப்பின் பொறிமுறையும் சமூக அடிப்படையும்

1

தொழில்நுட்பப் பொருள்களைத் தனித்தனியே எடுத்து ஆராய்வது எளிது. அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவை ஆராய்வது அத்துணை எளிதன்று. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மேலைநாட்டு இல்லங்களிற் புகுந்த சிறு கணினிகளைப் பற்றிய எழுத்துக்கள் அவற்றின் நுண்செயலி, நினைவகம், விலை ஆகியவற்றையே பெரும்பாலும் பேசுகின்றன. அக்கணினிகள் தம் விடைகளை எதன்வழிக் காட்டின என்ற வினா அருகியே எழுப்பப்படுகிறது. அவற்றுட் பலவற்றுக்குச் சொந்தமாகத் திரை இருக்கவில்லை. குடும்பத்தினர் செய்தியும் நாடகமும் பார்த்துவந்த அதே தொலைக்காட்சிப் பெட்டியே அவற்றின் திரையாயிற்று.

இவ்வுண்மை இன்று நடைமுறைச் சிக்கலொன்றாக மேற்கிளம்பியுள்ளது. பல ஆண்டுகள் மூலையிற் கிடந்த கணினிகளையும் விளையாட்டுப் பொறிகளையும் மீண்டும் இயக்க முனைவோர் அவற்றை இன்றைய தட்டைத் திரையோடு இணைக்கும்போது படம் தோன்றாமற் போகிறது. தோன்றினும் உருள்கிறது, நிறமிழக்கிறது, விசையை அழுத்திச் சற்றுப் பிந்தியே அசைகிறது. இவற்றைப் பழம் பொறியின் குறைபாடுகளெனக் கொள்வதே வழக்கம். வீட்டுக் கணினியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே அமைப்பின் இரு பாதிகளாக உருவானவை என்பதும், ஒரு பாதி மாற்றப்பட்டதன் விளைவே மேற்கூறிய இடர்ப்பாடுகள் என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும். இக்கருத்து ஏற்கப்படின், பழங்கணினிகளைப் பேணுதல் என்பதற்கு நாம் கொள்ளும் பொருளும் மாறவேண்டியிருக்கும்.

2

தொலைக்காட்சி, வானொலியைப் போலவே, மையமொன்றிலிருந்து அனுப்பி இல்லங்கள் பலவற்றிற் பெறும் முறைமையாகவே வளர்ந்தது. வானொலியை விநியோகக் கருவி என்ற நிலையிலிருந்து தொடர்பாடற் கருவியாக மாற்றவேண்டும் என 1932இல் பேர்ட்டோல்ட் பிறெக்ட் வாதிட்டமை அறியப்பட்டதே. தொழில்நுட்பம் தானாகத் தோன்றிச் சமூகத்தை மாற்றுகிறது என்னும் கொள்கையை மறுத்த றேமண்ட் வில்லியம்ஸ், 1974இல் வெளிவந்த தமது தொலைக்காட்சி பற்றிய நூலில், குறிப்பிட்ட சமூக நோக்கங்களே தொழில்நுட்ப வடிவங்களைத் தேடிக்கொள்கின்றன என விளக்கினார். இவ்விருவர் நோக்குகளும் எமது பொருளுக்கு நேரடியான பொருத்தமுடையன.

ஒளிபரப்பைப் பார்ப்பதைத் தவிர அப்பெட்டியால் வேறென்ன செய்யலாம் என்ற வினாவை 1966இல் அமெரிக்கப் பொறியியலாளர் றால்ஃப் பேயர் எழுப்பினார். அதன் பயனாக 1972இல் சந்தைக்கு வந்த மக்னவொக்ஸ் ஒடிசி, தொலைக்காட்சியில் இணைக்கப்பட்ட முதலாவது வீட்டு விளையாட்டுப் பொறியாகும். பார்ப்போரின் கையசைவு திரையிற் புள்ளியொன்றை அசைத்தது. விடயம் அற்பமாயினும், பெறுமிடம் என வரையறுக்கப்பட்டிருந்த இல்லம் அன்று தன் திரைக்குத் தானே சைகை அனுப்பியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனை வெறும் விடுதலைக் கதையாகக் கூறின் உண்மையிற் பாதியை மறைத்தவராவோம். தொலைக்காட்சியைத் திரையாகக் கொண்டமைக்கு முதன்மையான காரணம் விலை. 1977இல் விற்பனைக்கு வந்த ரி.ஆர்.எஸ்-80 கணினி, ஏறத்தாழ 600 டொலருக்குத் தனித்திரையுடன் கிடைத்தது. அத்திரையும் அலைத்தெரிவுப் பகுதி நீக்கப்பட்ட கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியே. பிரித்தானியாவில் 1980இல் சிங்கிளேயர் இசெட்.எக்ஸ்.80 என்ற கணினி 99.95 பவுணுக்கும், 1982 ஏப்பிரலில் அறிமுகமான ஸ்பெக்ட்ரம் 125 பவுணுக்கும் விற்கப்பட்டன. இவ்விலைகள் இயன்றமைக்குத் திரையின் செலவைக் குடும்பம் ஏற்கெனவே ஏற்றிருந்தமை முக்கிய காரணமாகும். அலுவலகப் பொறியாகவே நாம் நினைவிற் கொள்ளும் ஐ.பி.எம். கணினியும்கூட, 1981இல் தன் மிகக் குறைந்த 1,565 டொலர் விலைக்குத் திரையின்றியே கிடைத்தது. அதனையும் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கலாம் என்பதே உற்பத்தியாளரின் எண்ணம்.

பெட்டி ஒன்றே உள்ள இல்லத்தில் கணினிக்கு உரிய நேரம் மற்றையோர் தொலைக்காட்சி பாராத நேரமாயிற்று. இரண்டாவது பெட்டி வாங்க இயன்ற குடும்பத்துப் பிள்ளைக்கும் இயலாத குடும்பத்துப் பிள்ளைக்குமிடையே, ஒரே கணினியைப் பெற்றிருந்தும், வேறுபாடு தொடர்ந்தது. மலிவு என்பது செலவு இல்லாமற் போவதன்று. அது வேறோரிடத்துக்கு மாற்றப்படுவதே.

3

இனி இணைப்பின் பொறிமுறையை நோக்குவோம். அக்காலப் பெட்டிகள் பலவற்றுக்கு வானலைக் கம்பியைச் செருகும் துவாரம் ஒன்றே இருந்தது. இதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. பல பெட்டிகளின் உட்சட்டம் வீட்டு மின்வழியோடு நேரே தொடர்புற்றிருந்தது. அத்தகைய பெட்டியில் காட்சிச் சைகைக்கென வெளித் துவாரம் அமைப்பது உயிராபத்தாகும். வானலைத் துவாரமோ கொள்ளளவிகளாற் பிரிக்கப்பட்டுப் பாதுகாப்பாக இருந்தது. எனவே, கணினி வேடமிட்டு அவ்வாயிலினூடாகவே உள்ளே செல்லவேண்டியதாயிற்று.

அவ்வேடத்தை வழங்கிய உறுப்பே பண்பேற்றி. தகரக் கூட்டினுள் அடங்கிய இச்சிறு சுற்று, கணினியின் காட்சிச் சைகையை உயர் மீடிறன் கொண்ட காவி அலைமீது ஏற்றி, ஒளிபரப்பு நிலையமொன்றிலிருந்து வந்ததுபோல் ஆக்கியது. பிரித்தானியக் கணினிகள் பொதுவாக 36ஆம் அலைவரிசையைப் பயன்படுத்தின. அமெரிக்காவில் 3ஆம் அல்லது 4ஆம் அலைவரிசைகளில், அவ்வூர் நிலையம் பயன்படுத்தாத ஒன்று தெரிவு செய்யப்பட்டது. நுணுகி நோக்கின், வீட்டுக் கணினி ஒவ்வொன்றும் ஒரேயொரு நேயரைக் கொண்ட ஒளிபரப்பு நிலையமாக இயங்கியது எனலாம்.

இச்சிறு நிலையங்கள் அரசின் கவனத்துக்குத் தப்பவில்லை. அயல்வீட்டாரின் தொலைக்காட்சியைக் குழப்பும் கதிர்ப்பைத் தடுப்பது அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் கடமையாயிருந்தது. அதன் கடும் விதிகளினால் 1977இன் அப்பிள்-2 பண்பேற்றியின்றியே விற்கப்பட்டது. வாங்கியோர் அதனை வேறொரு நிறுவனத்திடம் தனியே பெற்றனர். 1979இல் வந்த அட்டாரி 400, 800 கணினிகள் கனத்த அலுமினிய வார்ப்புக் கவசத்தினுள் அடைக்கப்பட்டன. அதே ஆண்டு ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் தனது கணினியை வண்ணத் திரையுடன் சேர்த்து 1,150 டொலருக்கு விற்க நேர்ந்தது. விதிகள் தளர்த்தப்பட்ட பின்னர், 1981இல், திரையின்றி வந்த அதன் திருத்திய வடிவம் 525 டொலரே. அலைவெளி பொதுச்சொத்து என்ற நெறியும் தனியார் பொருளின் விலையும் ஒன்றையொன்று எவ்வாறு வரையறுத்தன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இம்முரண் பின்னரும் வெளிப்பட்டது. பிரித்தானியாவில் 1997 மார்ச்சில் ஐந்தாவது தொலைக்காட்சிச் சேவை தொடங்கியபோது அதற்குப் பல பகுதிகளில் 35ஆம், 37ஆம் அலைவரிசைகளே கிடைத்தன. அவற்றின் நடுவே ஒளிப்பதிவுக் கருவிகளும் கணினிகளும் குடியிருந்தன. ஆதலால் வீடுவீடாக ஆளனுப்பி அக்கருவிகளின் அலைவரிசையை மாற்றிக்கொடுக்கும் பொறுப்பைப் புதிய சேவை ஏற்கவேண்டியிருந்தது.

நாடுகளின் தரவேறுபாடுகளும் இங்கு குறிப்பிடத்தக்கன. பிரித்தானியாவும் இலங்கையும் ‘பால்’ வண்ண முறையையே கைக்கொண்டன. எனினும் காட்சிக்கும் ஒலிக்குமிடையிலான இடைவெளி பிரித்தானியாவில் 6 மெகாஹேர்ட்ஸ். இலங்கையிலும் மேற்கு ஜேர்மனியிலும் 5.5 மெகாஹேர்ட்ஸ். ஆதலால் பிரித்தானியச் சந்தைக்கெனப் பண்பேற்றப்பட்ட கொமடோர் 64, இங்குள்ள தரத்துக்கு மட்டும் அமைந்த பெட்டியில் படத்தைக் காட்டும், ஒலியைத் தராது. தன் ஒலியைத் தன்னுள் இருந்த ஒலிபெருக்கியிலேயே எழுப்பிய முதல் ஸ்பெக்ட்ரத்துக்கு இவ்விடர் இல்லை.

4

கணினி தொலைக்காட்சியின் வாயிலை மட்டும் ஏற்றதெனக் கருதின் அது தவறு. அது தொலைக்காட்சியின் காலக்கணக்கையும் தன் உடலில் ஏற்றது. கதோட்டுக் கதிர்க் குழாயில் இலத்திரன் கற்றை திரையை இடமிருந்து வலமாக வரிவரியாக வருடிச் செல்கிறது. ‘பால்’ முறையில் வரியொன்றுக்கு 64 மைக்குரோசெக்கன். அதிற் படத்துக்கு உரியது ஏறத்தாழ 52. ஒளிபரப்பில், 625 வரிகள் ஒன்றையொன்று இடையிட்ட இரு அரைப்படங்களாகச் செக்கனுக்கு 50 தடவை வரையப்படுகின்றன. அமெரிக்க முறையில் வரிகள் 525, அரைப்படங்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 60.

1977இன் அட்டாரி விளையாட்டுப் பொறி (பின்னர் 2600 எனப் பெயர் பெற்றது) 128 பைட்டு நினைவகமே கொண்டது. முழுப் படமொன்றைத் தேக்கி வைக்க அதில் இடமில்லை. ஆகவே செய்நிரல் எழுதுவோர் கற்றை ஒவ்வொரு வரியைக் கடக்கும்போதும், அவ்வரிக்குக் கிடைத்த 76 செயலிச் சுற்றுக்களுள், அடுத்துத் தோன்றவேண்டியதைத் தயாரித்துக் கொடுத்தனர். இசெட்.எக்ஸ்.80 கணினியிலோ செயலியே படத்தையும் உருவாக்கியது. அது கணக்கிடத் தொடங்கியதும் படம் மறைந்தது. விசையொன்றை அழுத்தினாலும் திரை சிமிட்டியது. அதன் வழிவந்த இசெட்.எக்ஸ்.81, படத்தைத் தக்கவைக்கும் மெதுநிலையில், கற்றை திரையின் மேல் கீழ் ஓரங்களிற் செல்லும் இடைவேளைகளிலேயே கணக்கிட்டது. உழைக்கும் நேரமும் காட்டும் நேரமும் தொலைக்காட்சியின் கடிகாரத்தாற் பங்கிடப்பட்டன.

பின்வந்த பொறிகளிலும் இப்பிணைப்பு நீங்கவில்லை. ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64உம் அரைப்படங்களை இடையிட்டுப் பின்னாமல், 312 வரிகளை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரைந்தன. படம் நடுங்காதிருக்க இது உதவியது. கதிர்க் குழாய் இதனைத் தடையின்றி ஏற்றது. ஆனால் கண்டிப்பாக நோக்கின் இது ஒளிபரப்புத் தரத்துக்கு உட்படாத சைகை; செக்கனுக்கு 50 என்ற எண்ணும்கூடச் சரியாக 50 அன்று, சற்றுக் கூடியதே. விளையாட்டின் வேகமும் இசையின் தாளமும் இவ்வெண்ணைச் சார்ந்திருந்தன. 60 எனக் கணித்து எழுதப்பட்ட யப்பானிய விளையாட்டுக்கள் பல, ஐரோப்பியப் பெட்டிகளில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஊர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

5

இவ்விணைப்பு சந்தை வழியாக மட்டும் பரவவில்லை என்பதையும் கூறல் வேண்டும். சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த ‘ராதியோ’ என்னும் பொழுதுபோக்கு வானொலியாளர் சஞ்சிகை, வீட்டிலேயே கட்டத்தக்க கணினிகளின் முழுச் சுற்றுப்படங்களை 1980களில் அச்சிட்டது. ‘மிக்ரோ-80’ முன்னும், 1986இல் ‘ராதியோ-86.ஆர்.கே.’ பின்னும் வந்தன. பிந்தியது வரிக்கு 64 எழுத்துக்களைக் காட்டியது. திரையாக வீட்டுத் தொலைக்காட்சியையும், தேக்ககமாக ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டது. காட்சிச் சைகைக்குத் தனி உள்ளீடு இல்லாத பெட்டிகளில் ஆர்வலர்கள் மூடியைத் திறந்து, உரிய இடத்திற் கம்பியைப் பற்றாசு வைத்தனர்.

இங்கு கணினி விற்பனைப் பண்டமாக அன்றிப் பகிரப்பட்ட அறிவாகவே வாசகரை அடைந்தது. உதிரிகளைத் தேடிப் பெறுவதிலிருந்த துன்பத்தை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் பொறியின் உள்ளமைப்பை அறிந்தவரே அதன் பயனாளராகவும் இருந்தனர் என்பது விதந்து கூறத்தக்கது. இம்மரபு இன்று வேறு வடிவில் தொடர்வதைக் கீழே காண்போம்.

6

இன்றைய திரையோடு பழங்கணினியை இணைக்கும் வழிகளை, சைகை எத்துணை தூரம் திரிபடைகிறது என்ற அடிப்படையில் நால்வகைப்படுத்தலாம்.

முதலாவது, வானலைத் துவாரத்தின் வழியாகப் பழைய முறையிலேயே இணைத்தல். இதற்குத் திரையில் ஒப்புமை அலைத்தெரிவி வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூனிலும், பிரித்தானிய நிலையங்கள் 2012 அக்டோபரிலும் ஒப்புமை ஒளிபரப்பை நிறுத்தின. அத்தெரிவி இன்னும் உள்ள பெட்டிகளிலும் படம் இரைச்சலுடனேயே தோன்றும். காவி அலைமீது ஏற்றி இறக்குவதே இத்திரிபுக்குக் காரணம்.

இரண்டாவது, ஏற்றுமுன் உள்ள கூட்டுக் காட்சிச் சைகையை நேரே எடுத்தல். ஸ்பெக்ட்ரத்திற் பண்பேற்றியைத் துண்டித்து, சைகையை வெளித் துவாரத்துக்குக் கொண்டுசெல்வது எளிய வேலை. இச்சைகையில் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியிற் கலந்து செல்கின்றன. ‘பால்’ முறையில் நிறத்துக்குரிய துணைக்காவியின் மீடிறன் ஏறத்தாழ 4.43 மெகாஹேர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்தின் நெருங்கிய படப்புள்ளிகள் மாறிமாறித் தோன்றும்போது எழும் மீடிறன் 3.5. இரண்டும் அண்மையில் இருப்பதனால் எழுத்தோரங்களில் நிறக்கசிவு ஏற்படுகிறது. ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனியே தரும் கொமடோர் 64 போன்றவற்றில் இக்கசிவு பெரிதும் குறையும்.

மூன்றாவது, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புதல். பிரான்ஸில் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டு, 1980 முதல் அங்கு விற்கப்பட்ட தொலைக்காட்சிகளிற் கட்டாயமாக்கப்பட்ட 21 முனைச் செருகி இதற்கு வாய்ப்பளித்தது. பி.பி.சி. மைக்ரோ போன்ற கணினிகள் இம்மூவண்ணச் சைகையைக் கொடுத்தன. ஆயினும் அது 5 வோல்ற்று அளவினது. செருகியின் தரமோ 0.7 வோல்ற்று. இடையிலே தடைகளை இட்டுக் குறைத்தாலன்றிப் பெட்டிக்குத் தீங்கு நேரலாம்.

நான்காவது, சைகையை எண்மமாக்கும் மாற்றியொன்றை இடையில் வைத்தல். மலிவான மாற்றிகள் 312 வரிப் படத்தைப் பின்னிய அரைப்படமெனத் தவறாகக் கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துக் குழப்புகின்றன. முழுப் படத்தையும் தேக்கிவைத்துச் செம்மையாக்குவதால் தாமதமும் எழுகிறது. ‘பால்’ முறையில் ஒரு படத் தாமதம் 20 மில்லிசெக்கன். வரி ஒவ்வொன்றையும் வந்தவுடனேயே பன்மடங்காக்கி அனுப்பும் திறந்த மூல வரிப்பெருக்கி இக்குறையைப் பெரும்பாலும் நீக்கியது. பி.பி.சி. மைக்ரோ ஆர்வலரிடையே தொடங்கி, ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையைக் கொண்டு மூவண்ணச் சைகையை எச்.டி.எம்.ஐ. வடிவுக்கு மாற்றும் திட்டமும் இவ்வகையினதே. இவற்றின் செய்நிரல்களும் சுற்றுப்படங்களும் எவரும் பார்த்துக் கற்கத்தக்கவாறு வெளியிடப்பட்டுள்ளன. சஞ்சிகையின் சுற்றுப்படத்தைப் பார்த்துக் கணினி கட்டியோரின் மரபு இங்கு தொடர்கிறது.

எவ்வழியை மேற்கொள்ளினும் மின்வழங்கியை முதலிற் சோதித்தல் வேண்டும். கொமடோர் 64இன் பழைய மின்வழங்கிகள் பழுதடையும்போது 5 வோல்ற்று வழியில் மிகை அழுத்தத்தைத் தந்து நினைவகச் சில்லுகளை அழிக்கவல்லன. ஸ்பெக்ட்ரத்தின் செருகியில் நடுமுனை எதிர்முனையாகும். இன்றைய பொது வழங்கிகள் பலவற்றில் அது நேர்முனை. கதிர்க் குழாய்ப் பெட்டியின் உள்ளே, மின்சாரத்தை நிறுத்திய பின்னரும், உயிரைப் போக்கத்தக்க உயரழுத்தம் தேங்கி நிற்கலாம். பயிற்சியற்றோர் அதனைத் திறத்தலாகாது.

7

மேற்கூறியவற்றைப் படித்தோர், திரிபு குறையுந்தோறும் உண்மை கூடுகிறது என முடிவு செய்தல் இயல்பே. ஆனால் அம்முடிவு முழுமையானதன்று. அப்பிள்-2 கணினியின் முதன்மை அலையியற்றி 14.318 மெகாஹேர்ட்ஸில் இயங்கியது. இது அமெரிக்க நிறத் துணைக்காவியின் மிகச் சரியான நான்கு மடங்கு. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை உரிய இடைவெளியில் இட்டால், தொலைக்காட்சி அவற்றை நிறமெனத் தவறாக உணரும். அத்தவற்றையே அப்பிள்-2 தனது நிறமுறையாக்கியது. அதே புள்ளிகளைத் தூய சைகையாகத் தனித்திரைக்கு அனுப்பினால் நிறம் மறைந்து கோடுகளே எஞ்சும். அங்ஙனமே, 1980களின் நடுப்பகுதியில் வந்த நிண்டெண்டோவின் ஒளித்துப்பாக்கி, கதிர்க் குழாயின் உடனடி ஒளிர்வை நம்பி அமைக்கப்பட்டது. தட்டைத் திரையில் அது இலக்கைக் காண்பதில்லை.

ஆகவே, பேணப்படவேண்டியது எது என்ற வினா எழுகிறது. பழங்கணினியின் செயலை இன்றைய கணினியில் நிகழ்த்திக் காட்டும் செய்நிரல்கள் பெரும்பணி ஆற்றுகின்றன. அவை இல்லையேல் ஆயிரக்கணக்கான ஆக்கங்களை நாம் இழந்திருப்போம். எனினும் அவை தரும் கூர்மையான சதுரப் புள்ளிகளை அன்றைய மாணவர் எவரும் தம் வீட்டுத் திரையிற் கண்டதில்லை. கணினியைக் கண்ணாடிப் பேழையுள் வைத்து, அதன் தொலைக்காட்சியைக் கழிவாக எறியும் காட்சிச்சாலை பாதிச் சான்றையே பேணுகிறது. பருமனும் பாரமும் மிக்க கதிர்க் குழாய்ப் பெட்டிகள் கணினிகளைவிட விரைவாக அழிந்துவருகின்றன. அவற்றைச் செப்பனிடத் தெரிந்தோரும் அருகி வருகின்றனர்.

பழைய விளையாட்டுக்களின்மீது கொண்ட ஏக்கம் மட்டும் இம்முயற்சிக்குப் போதிய நியாயமாகாது. நியாயம் வேறிடத்தில் உள்ளது. ஒளிபரப்புவோரின் குரலைப் பெறுவதற்கென அமைந்த பெட்டியின் ஒரே வாயிலினூடாக, சாதாரண வீட்டுப் பிள்ளையொருவர் தாம் எழுதிய சொல்லைத் திரைக்கு அனுப்பினார். அச்செயலைச் சந்தை தன் இலாபத்துக்குப் பயன்படுத்தியது. தேவை முடிந்ததும் அவ்வாயிலை அடைத்தது. இருந்தும் அச்செயல் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று பொறியிலும் திரையிலும் அவற்றை இணைத்த வடத்திலும் சேர்ந்தே உள்ளது. எனவே பழங்கணினியொன்றைப் பேண முற்படுவோர், அதனோடிருந்த பெட்டியையும் வடத்தையும் அவற்றை இணைத்த முறையையும் எழுத்திலும் படத்திலும் பதிந்துவைத்தல் வேண்டும். அப்பதிவு இல்லாதவிடத்துப் பிற்காலத்தார் அக்கணினியைக் காண்பர். அதன்முன் அமர்ந்தோர் கண்டதை அறியார்.